கோபுரத்துக்கு நேரே

கோயில் கோபுரம் நடந்து போவுது, மலை முதுகு மேல கால வச்சு, பைய, ஒரு அவசரமும் இல்லாம, திருநாளுக்குச் சப்பரம் போற மாதிரியே போவுது, பனங்கூட்டத்துக்குப் பின்னால ஒளியுது, பொறவு வெளிய வருது, நான் வள்ளத்துக்கு நடுவுல சேலையச் சுருட்டி மடியில வச்சுக்கிட்டு வாயப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்கேன், மாமா, இந்தக் கோபுரம் நடக்குதே மாமான்னு கேக்கேன், பாய்க்கயித்தக் கையில சுத்தி வச்சிருந்த மாமா சிரிக்காவ, அது எங்க மக்ளே நடக்குது, அது நூறு வருசமா நின்ன எடத்துலதான் நிக்குது, நாமதான் நடக்கோம்ங்காவ, எனக்கு அது மண்டையில ஏறல, பொறந்ததுல இருந்து அந்தக் கோபுரத்துக்கு அடியிலதான் கெடந்திருக்கேன், அதுல தொங்குற மணிச்சத்தத்துக்குத்தான் எந்திரிச்சேன், அதுக்குக் கீழ நின்னுதான் தாலி வாங்குனேன், அது நடக்கும்னு ஒருத்தரும் எங்கிட்ட சொன்னதில்ல, கடலுக்குள்ள போனாத்தானே தெரியும், எங்க ஊருல பொம்பளைய கடலுக்குள்ள போறது கெடையாதே, மீன் கரைக்கு வந்த பொறவுதான் அது எங்க கைக்கு வரும், அதுக்கு முந்தி அது எங்க கெடந்துச்சு, எப்படி ஆப்புட்டுச்சுன்னு கேக்கக்கூடாது, கேட்டாலும் சொல்ல மாட்டாவ.

ஆனா நான் கேட்டேன், ஊருல உள்ள அத்தன ஆம்பளையளயும் கேட்டேன், கையில ஒரு நோட்டு இருந்துச்சுல்லா, அந்தத் தைரியம். கோயிலுக்கு நூறு வருசம் நெறையுற வருசம் அது, நான் கோயில் பள்ளிக்கூடத்துல ஒண்ணாங்கிளாஸ் டீச்சர், வயசு இருவத்தி நாலு, வெள்ளச்சேல கெட்டி மூணு வருசம் ஆச்சு, என்னக் கெட்டுன அவியள கடல் கொண்டுட்டுப் போன பொறவு எங்க அம்மா வீட்டுக்கும் போவாம மாமா வீட்டுலயே இருந்துட்டேன், மாமான்னா எங்க அவியளுக்கு அப்பா, கயித்தான்னு பேரு, அவருக்கும் என்ன விட்டா ஆளில்ல, எனக்கும் அவர விட்டா ஆளில்ல, அப்பதான் பங்குச்சாமியாரா ஸ்தனிஸ்லாஸ் சாமி வந்திருந்தாவ, கடலே பாக்காத சீமையில இருந்து வந்தவிய, கருவாட்டு வாடைக்கு மூக்குல கைக்குட்டைய வச்சுக்கிட்டுத்தான் ஊருக்குள்ள நடப்பாவ, ஆனாலும் நல்ல மனுசன், ஒருநாள் என்னக் கூப்புட்டு, டீச்சர், உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு, நம்ம பங்குக்குள்ள இருக்கிற எடத்துப் பேர எல்லாம் எழுதுங்க, நூறாவது வருச மலருல போட்டுருவோம்னாவ, மூணு கட்டம் போடுங்க, பேரு என்ன, எப்படி வந்துச்சு, எங்க இருக்குன்னாவ, நானும் சரி சாமின்னுட்டு வந்தேன், மனசுக்குள்ள, இத்துனூண்டு ஊருக்கு என்னத்த பெரிய பேரு, ஒரு வாரத்துல முடிஞ்சுரும்னு நெனச்சேன், அதே மாதிரி கரையெல்லாம் ஒரு வாரத்துல முடிஞ்சும் போச்சு, நாப்பத்தியொரு பேரு, வடக்க தார்க்குழி, கப்பல்ல இருந்து ஒரு பீப்பா கரை ஒதுங்கி, சாராயம்னு நெனச்சு ஊரே சொம்பத் தூக்கிட்டு ஓடி, தொறந்தா தாரு, அங்கனயே குழி தோண்டிக் கொட்டிட்டு வந்தாவளாம், தெக்க கொழுந்தியா கெணறு, அக்கா வீட்டுக் கெணத்துல தண்ணி எடுக்க மாட்டேன்னு ஒருத்தி வைராக்கியமா அவளே தோண்டுன கெணறு, அதுலதான் இன்னைக்கும் ஊரே நல்ல தண்ணி குடிக்குது, கோவம் எவ்வளவு இனிப்பா ஊறிக் கெடக்கு பாருங்க, எழுதிட்டு நான் பெருமையா மாமாகிட்ட வாசிச்சுக் காட்டுதேன், வலையில பொத்தல் தச்சுக்கிட்டே கேட்டாவ, முடிஞ்சுதான்னு கேட்டாவ, முடிஞ்சு மாமான்னேன், பாதிகூட முடியல மக்ளே, நம்ம பங்கு கரையோட முடிஞ்சு போச்சுன்னு உனக்கு யாரு சொன்னா, தண்ணிக்குள்ள கெடக்குதே அது யாரு பங்குன்னாவ.

அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும், கடலுக்குள்ளயும் எடம் இருக்கு, எடத்துக்குப் பேரு இருக்கு, தண்ணிக்கு அடியில பாறை கெடக்கும், அதுக்குப் பாருன்னு சொல்லுவாவ, அதுலதான் மீன் அடையும், ஒவ்வொரு பாருக்கும் ஒரு பேரு, மேல பாத்தா என்ன தெரியும், ஒரு அலைக்கும் இன்னொரு அலைக்கும் என்ன வித்தியாசம் இருக்கு, அதனால கரையத்தான் பாப்பாவ, கோபுரத்துக்கு நேர் பின்னால மலை இடுக்கு வரணும், தெக்க ஒரு பனைக்குப் பின்னால ஒரு பாறை வரணும், அந்த ரெண்டு கோடும் வந்து முட்டுற எடத்துக்கு அடியிலதான் பாரு, அதுக்குக் கணியம்னு பேரு, அந்தக் கணியத்த அப்பன் மவனுக்குத்தான் சொல்லுவான், அதுவும் கடலுக்குள்ள வச்சுத்தான் சொல்லணும், கரையில காலு பட்டுட்டா வாயத் தொறக்கக்கூடாது, கூடப்பொறந்தவன் கேட்டாலும் சொல்லக்கூடாது, கரையில சொன்னா பாரு மூடிக்கிடும்னு ஒரு பயம். பேர மட்டும் சொல்லுங்கய்யா, கணியம் எனக்கு வேண்டாம்னு நான் மாமாவ வச்சு ஊருக்குள்ள சொல்லி விட்டேன், ரெண்டு நாளு ஒருத்தரும் வரல, மூணாம் நாளு பள்ளிக்கூடம் விட்ட பொறவு ஒருத்தர் வந்தாவ, பின்னால பாத்துக்கிட்டே வந்தாவ, ஒண்ணாங்கிளாஸ் பெஞ்சுல முழங்கால் மூஞ்சியில இடிக்க உக்காந்தாவ, எழுதுங்க டீச்சர், வெத்தலப்பெட்டிப் பாரு, எங்க தாத்தா வெத்தலப்பெட்டி தவறித் தண்ணிக்குள்ள விழுந்துச்சு, குனிஞ்சு தேடுனாவ, கீழ கருப்பா பாரு கெடந்துச்சு, நான் வந்தேன்னு யாருகிட்டயும் சொல்லிராதியன்னுட்டுப் போனாவ, அவரு வாசல் தாண்டல, அடுத்தவரு செவத்தோரமா நிக்காவ, ஊமையன் பாரு, அதக் கண்டுபுடிச்சவருக்குப் பேச்சு வராது, அதனாலயே அம்பது வருசம் அந்தக் கணியம் வெளிய போவல, கோவிச்ச பாரு, பொஞ்சாதிகூடச் சண்ட போட்டுட்டு ஒருத்தன் எல்லாரும் திரும்புற எடத்துல திரும்பாம போய்க்கிட்டே இருந்தானாம், அங்கன கலவா மீனு குமிஞ்சு கெடந்துச்சாம், வீட்டுக்கு வந்து சொன்னா அவ, அப்பவே வெளிய போவச் சொன்னேன்லான்னு கேட்டாளாம். நான் எழுதுதேன், சிரிச்சுக்கிட்டே எழுதுதேன், எழுத எழுதச் சிரிப்பு போயிருது, ஒரு ஊரு, பாத்துக்கிடுங்க, தெரு இருக்கு, மேடு இருக்கு, பள்ளம் இருக்கு, தாத்தன் பேரு இருக்கு, சண்டை இருக்கு, அத்தனையும் தண்ணிக்கு அடியில, ஒருத்தரும் அதுமேல நடந்ததில்ல, ஆனா எல்லாருக்கும் அங்கன வழி தெரியுது, பள்ளிக்கூடத்துச் செமெண்டுத் தரைய நான் குனிஞ்சு பாக்கேன், அதுவும் ஆடுத மாதிரி இருக்கு, அறுவத்தி மூணு பேரு வந்து அறுவத்தி மூணு பாரு சொன்னாவ, முதல் கட்டம் நெறைஞ்சுச்சு, ரெண்டாவது நெறைஞ்சுச்சு, எங்க இருக்குங்கிற கட்டம் மட்டும் மேல இருந்து கீழ வர வெறுமையா கெடந்துச்சு, ஆனா ஒண்ணு கவனிச்சேன், கதை சொல்லுற வேகத்துல ஒவ்வொருத்தருக்கும் வாய் தவறிரும், கோபுரம் மலை இடுக்குல உக்காரும் பாருங்கன்னு ஒருத்தரு, கோபுரம் மலைக்கு அங்கிட்டு எறங்கும் பாருங்கன்னு ஒருத்தரு, சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டு, டீச்சர், கோபுரம்னு மட்டும் எழுதிராதிய, மாதா மேல ஆணைம்பாவ, நானும் அறுவத்தி மூணு ஆணை போட்டேன்.

கடைசியா ஒருநாள் சாயங்காலம் மாமா வந்து அதே பெஞ்சுல உக்காந்தாவ, வீட்டுல கேட்டா சொல்ல மாட்டாவளா, அங்கன வந்து உக்காந்திருக்காவ, கரும்பலகையப் பாத்துக்கிட்டே, இன்னொரு பேரு கெடக்கு மக்ளே, எழுதிக்கோன்னாவ, ஸ்தேவான் பாரு. எனக்குக் கை நின்னு போச்சு, அது எங்க அவியளுக்கப் பேரு, எங்க ஊருல பொஞ்சாதி புருசன் பேர வாயால சொல்ல மாட்டா, மூணு வருசமா அந்தப் பேர நான் கேட்டதுகூட இல்ல, பூசையில செத்தவிய பேரு வாசிக்கும்போது மட்டும் வரும், அப்பவும் முக்காட்ட இழுத்து விட்டுக்கிடுவேன், மாமா தலையத் தூக்கல, அங்கன பாரும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறும் சகதி, மீனு அண்டாது, ஆனாலும் பாருன்னே எழுதுன்னாவ, பொறவு மெதுவா சொன்னாவ, கச்சான் காத்து அடிச்சு கட்டுமரம் பொரண்ட அன்னைக்கு அவன் கைய நான் புடிச்சிருந்தேன், ஒரு அலை, கை வழுக்கிருச்சு, ரெண்டாவது அலைக்கு ஆளக் காணோம், எந்த அப்பனும் என்ன செய்வான் சொல்லு, மவனேன்னு கத்துவான், முங்குவான், நான் என்ன செஞ்சேன் தெரியுமா, கரையத் திரும்பிப் பாத்தேன், கோபுரம் எங்க நிக்குது, பனை எங்க நிக்குதுன்னு பாத்தேன், கணியம் புடிச்சேன், பெத்த மவன் போய்க்கிட்டு இருக்கான், நான் எடத்தக் குறிச்சேன் மக்ளே, என்ன மனுசன் நான், அதனாலதான் உங்கிட்ட சொல்லல. நான் எழுதுனேன், வாயாலதானே சொல்லக்கூடாது, எழுதுறதுக்கு யாரு தடை போட்டா, அறுவத்தி நாலுன்னு போட்டு, ஸ்தேவான்னு எழுதும்போது அந்த எழுத்து ஒவ்வொண்ணும் ஈரமா இருக்கிற மாதிரி இருந்துச்சு, எழுதிட்டு, மாமா, என்ன அங்கன கூட்டிட்டுப் போவணும்னேன், பொம்பளையவா, ஊரு என்ன பேசும்னாவ, ஊரு பேசட்டும், நான் நோட்டு எழுதப் போறேன், சாமி சொன்ன சோலின்னு சொல்லுங்கன்னேன், மறுநா விடியக்கால பூசைக்கு எல்லாரும் உள்ள இருக்கும்போது சின்ன வள்ளத்துல ஏத்துனாவ, கரைக்காத்து பாயில புடிச்சு எங்களத் தள்ளுது, வெயில் ஏறுது, கோபுரம் நடக்குது, நான் பாக்கேன், நடந்து நடந்து மலை இடுக்குக்கு வந்துச்சு, இடுக்குக்குள்ள நொழைஞ்சு சரியா பொருந்தி உக்காந்துச்சு பாத்தியளா, பூட்டுல சாவி விழுற மாதிரி, அந்தப் பக்கம் திரும்புன்னாவ மாமா, தெக்க ஒத்தப்பனை வெள்ளப்பாறைக்கு நேரா நிக்குது, இதுதாம் மக்ளேன்னுட்டுப் பாய எறக்கிட்டாவ, சத்தமே இல்ல, தண்ணி தண்ணியாத்தான் இருந்துச்சு, பச்சையா, வெயில் உள்ள எறங்கி எறங்கிக் காணாமப் போவுது, ஆனா அந்த மலை, அந்தக் கோபுரம், அந்தப் பனை, எல்லாம் சேந்து அந்த ஒரு எடத்த வெரல் நீட்டிக் காட்டிக்கிட்டு நிக்குது, கல்லற வைக்காத ஆளுக்கு இம்மாம் பெரிய கல்லறயா, மலையே தலமாட்டுல நிக்குதேன்னு நெனச்சேன், மாமா சொன்னாவ, பேரச் சொல்லிக் கூப்புடு, தப்பில்ல, இது கரை இல்லன்னாவ, நான் கூப்புட்டேன், கெட்டுன நாளுல இருந்து முதமுதலா, என் வாயில அந்தப் பேரு எப்படி இருக்கும்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும், ஒருதரம் கூப்புட்டேன், பொறவு நிறுத்த முடியல.

திரும்பி வரும்போதுதான் எனக்குப் புத்தியில உறைச்சுது, மாமா, வார ஞாயித்துக்கிழம கூட்டம்லா, பழைய கோயில இடிச்சுப் புதுசு கெட்டப் போறாவளே, கோபுரத்துக் கல்லத்தான் அஸ்திவாரத்துக்குப் போடணும்னு இஞ்சினியர் சொல்லியிருக்காவளேன்னேன், ஆமான்னாவ, கோபுரம் போனா இந்த எடம்னேன், மாமா பாய்க்கயித்தையே பாத்துக்கிட்டு இருந்தாவ, என்ன செய்யச் சொல்லுத, ஊரே சந்தோசமா கோயில் கெட்டுது, வேண்டாம்னு நான் ஒருத்தன் எந்திரிச்சா ஏம்வே கயித்தான்னு கேப்பான், உமக்குக் கோபுரத்துல என்ன கணியம் இருக்குன்னு கேப்பான், இருக்குன்னு தெரிஞ்சா பின்னாலயே வருவான், மீனு கெடக்குன்னு நெனச்சுத் தூண்டி எறக்குவான், என் மவன் மேல தூண்டி விழும் மக்ளே, அதுக்கு எடம் தெரியாமப் போனாலே மேலுன்னாவ. ஞாயித்துக்கிழம ரெண்டாம் பூசை முடிஞ்சு கோயிலுக்குள்ளயே கூட்டம், ஸ்தனிஸ்லாஸ் சாமி படத்தப் பெருசா மாட்டியிருக்காவ, புதுக்கோயிலு, ரெண்டு பக்கமும் ஜன்னலு, எல்லாரும் ஆகா ஆகாங்காவ, சாமி கேக்காவ, கோபுரத்த நாளைக்கே இடிக்கத் தொடங்குவோம், யாருக்கும் ஆட்சேபம் உண்டான்னு கேக்காவ, ஒரு சத்தமில்ல, நான் பொம்பளைய பக்கம் இருந்து எட்டிப் பாக்கேன், ஆம்பளைய அத்தன பேரும் தரையப் பாக்காவ, சந்தோசமா இருக்கிறவன் எதுக்குத் தரையப் பாக்கான், வெத்தலப்பெட்டிக்காரரு தரையப் பாக்காவ, ஊமையன் பேரன் தரையப் பாக்காவ, எனக்கு நெஞ்சுக்குள்ள மணி அடிச்சாப்புல இருந்துச்சு, அடப்பாவிகளா, தன் ஒருத்தன் கணியத்துல மட்டும்தான் கோபுரம் இருக்குன்னு ஒவ்வொருத்தனும் நெனச்சுக்கிட்டு இருக்கான், சொன்னா பாரு போயிரும்னு வாய மூடிக்கிட்டு இருக்கான், வாய மூடியே ஊரு மொத்த கடலையும் இடிக்கப் போவுது, அறுவத்தி நாலு பேருக்கும் காது குடுத்தது நான் ஒருத்திதான், ஆனா மாதா மேல ஆணை போட்டிருக்கேனே, சாமி சரின்னு கூட்டத்து நோட்டப் படக்குன்னு மூடுனாவ, நான் எந்திரிச்சுட்டேன். எப்படி எந்திரிச்சேன்னு இன்னைக்கும் தெரியாது, சாமி, ஒரு நிமிசம்னேன், அங்கன இருந்து சந்தியாகுன்னு ஒரு வாயாடி, டீச்சர் எந்திரிச்சுட்டாவ, எல்லாரும் கைய கெட்டுங்கலேங்கான், சிரிச்சாவ, அந்தச் சிரிப்புலதான் எனக்கு வழி வந்துச்சு, ஒண்ணாங்கிளாஸுல யாருடா சிலேட்ட ஒடச்சதுன்னு கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டான்லா, அப்ப நான் செய்யிறததான் செஞ்சேன், கடலுக்குப் போறவிய எல்லாரும் கண்ண மூடுங்கன்னேன், மூடினா வாசல்ல கெடக்குற செருப்பு போயிருமே டீச்சர்ங்கான் சந்தியாகு, உன் செருப்ப எவன் எடுப்பான் மூடுலேன்னு ஒரு பெருசு அதட்டுச்சு, மூடுனாவ, கோபுரத்தப் பாத்து எடம் புடிக்கிறவிய கைய மட்டும் தூக்குங்க, ஒருத்தரும் பாக்க மாட்டாவ, யாரு பாரு, என்ன பாருன்னு நான் கேக்க மாட்டேன்னேன்.

முதல்ல ஒரு கையும் இல்ல, ஈ பறக்குற சத்தம் கேக்குது, பொறவு ஓரத்துல ஒரு கை, மாமாக்க கை, தோளுக்குமேல ஏறாம தயங்கித் தயங்கி ஏறுது, அந்தப் பக்கம் ஒண்ணு, தூணுக்குப் பின்னால ஒண்ணு, நடுவுல நாலு, வலைக்கயிறு அறுத்த தழும்போட, உப்புல வெடிச்ச வெரலோட, கை கையா எந்திரிக்கி, கண்ண மூடிக்கிட்டே எந்திரிக்கி, சந்தியாகு கையும் எந்திரிச்சுச்சு, கடைசியில எறங்கி இருந்த கைன்னு ஒண்ணு இல்ல, கோயிலுக்குள்ள காடு முளைச்சாப்புல நிக்குது, நாங்க பொம்பளைய மட்டும் கண்ணத் தொறந்து பாத்துக்கிட்டு இருக்கோம், என் பக்கத்துல இருந்தவ என் மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டா, அதுல எத்தன கை மீனுக்குத் தூக்குன கை, எத்தன கை ஆளுக்குத் தூக்குன கைன்னு யாருக்குத் தெரியும், எங்க ஊருக் கடல் அவிய ஒருத்தரயா கொண்டு போச்சு, மாமா ஒருத்தருதான் அன்னைக்குத் திரும்பிப் பாத்தாவளா, அங்கன முடி நரைச்ச மூணு அப்பன்மாரு கண்ணுல இருந்து தண்ணி எறங்குது, மூடின கண்ணுல இருந்து, அதையும் நாங்க பாத்தோம். இப்பக் கண்ணத் தொறங்க, கைய எறக்காதியன்னேன். தொறந்தாவ, ஒருத்தரு கைய ஒருத்தரு பாத்தாவ, ஏலே நீயுமா, நீருமாவே, எங்க அண்ணனுமான்னு சத்தம் எந்திரிச்சுச்சு, சிரிக்காவ, அழுவாவ, சண்டைக்குப் போறாவ, ஸ்தனிஸ்லாஸ் சாமி பீடத்துப் படியில அப்படியே உக்காந்துட்டாவ, மூக்குல இருந்த கைக்குட்டைய எடுத்துக் கண்ணத் தொடச்சாவ, நான் வந்து ஒரு வருசமா இந்தக் கோபுரத்த வெறும் கல்லுன்னுதான் பாத்தேன்னாவ. ஒருத்தரும் பாக்க மாட்டாவன்னு சொல்லிட்டுக் கண்ணத் தொறக்கச் சொன்னது பொய்தானே, அதுக்கு சனிக்கிழம பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், சாமி சன்னலுக்கு அங்கிட்டு இருந்து, போங்க டீச்சர், ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுங்க, எனக்காவவும் ஒண்ணு சொல்லுங்கன்னாவ. புதுக்கோயில முப்பதடி தள்ளிக் கெட்டுனாவ, மணிய எறக்கிப் புதுசுக்குக் கொண்டு போனாவ, கோபுரம் மட்டும் கோயிலே இல்லாத கோபுரமா தனியா நின்னுச்சு, மலரும் அச்சாயி வந்துச்சு, மூணாவது கட்டத்துல அறுவத்தி நாலுக்கும் நான் ஒண்ணேதான் எழுதியிருந்தேன், கோபுரத்துக்கு நேரே, கோபுரத்துக்கு நேரே, கோபுரத்துக்கு நேரே, பொறவு ஒரு நாளு டவுனுல இருந்து ஒரு ஆபீசர் அந்தப் புத்தகத்தத் தூக்கிட்டு வந்து, எம்மா, அறுவத்தி நாலு எடமும் எப்படி ஒரே எடத்துல இருக்கும்னு கேட்டாரு, வள்ளத்துல ஏறிப் பாருங்கய்யான்னேன்.

மாமா இருந்தவரைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு வருசா வருசம் என்னக் கூட்டிட்டுப் போனாவ, மாமா போன பொறவு வாயாடி சந்தியாகு கூட்டிட்டுப் போனான், எங்கன்னு ஒரு நாளும் கேக்கல, நான் இன்னும் கொஞ்சம் வடக்க, இன்னும் கொஞ்சம்ங்கேன், அவன் போறான், கோபுரம் இடுக்குல உக்காந்ததும் முகத்தக் கரைப்பக்கம் திருப்பிக்கிட்டு நிப்பான், அங்கன எந்தத் தூண்டியும் விழல, ஒரு புயல்ல ஒத்தப்பனை விழுந்துச்சு, ரெண்டு கோட்டுல ஒரு கோடு போச்சு, அதுக்குப் பொறவு போனா கோபுரம் இடுக்குல உக்காரும், ஆனா அந்தக் கோட்டுல எந்த எடம், கிட்டவா தூரவான்னு தெரியாது, சுத்திச் சுத்தி வந்துட்டுப் பூவ அங்கங்க போட்டுட்டு வருவோம், இப்ப முழங்காலும் போயிருச்சு, வள்ளத்துல கால் தூக்கி வைக்க ஏலல, எல்லாரும் மிசின வச்சு எடம் பாக்காவ, கோபுரத்த ஒருத்தரும் பாக்கல, காக்கா கூடு கெட்டியிருக்கு, நான் சாயங்காலம் கம்ப ஊனிக்கிட்டு மெல்லப் போவேன், கோபுரத்துக்குப் பின்னால, மேக்க, பள்ளிக்கூடத்து வேலியோரம் ஒசந்த மணல்மேட்டு மேல ஒரு எடம் கண்டுபுடிச்சு வச்சிருக்கேன், அங்கன நின்னு திரும்பிப் பாத்தா மலை இடுக்கு நேர் முதுகுக்குப் பின்னால இருக்கும், முன்னால பாத்தா கோபுரம், மணி எறக்குன வளைவு காலியா கெடக்குதுல்லா, அது வழியா கடல் தெரியும், அதே கோடுதான், இந்தத் தலப்புல நான் நிக்கேன், அந்தத் தலப்புல எங்கயோ அவிய, நடுவுல கோபுரம், இன்னைக்கும் நிக்கேன், வளைவுக்குள்ள ஒரு வள்ளம் நொழைஞ்சு அங்கிட்டு வெளிய போவுது, இன்னொண்ணு வருது, வெயில் தண்ணிமேல சாயுது, கோபுரம் நிக்குது, நான் நிக்கேன், மாமா, கடல்தான் நடந்து போவுது மாமா, பைய, ஒரு அவசரமும் இல்லாம, சப்பரம் மாதிரி, இது கரைன்னு எனக்குத் தெரியும், மணல் காலுக்கு அடியில சுடுது, ஆனாலும் நான் கூப்புடுதேன், வாய் தொறந்து, சத்தமா, ஸ்தேவான், ஸ்தேவான்.